1930-களில் கட்டிய வீட்டை இங்கிலாந்தில் வாங்குபவர் எந்த சர்வேயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

லண்டனின் வடமேற்கே ஹாரோவில், 1930-களில் கட்டப்பட்ட செமி டிட்டாச்ட் வீடு (ஒரு பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் வீடு) ஒன்றுக்கு விலை பேசி முடித்திருக்கிறீர்கள். பின்பக்கம் சமையலறை நீட்டிக் கட்டப்பட்டிருக்கிறது; கூரைக்கடியில் இருந்த லாஃப்ட் படுக்கையறையாக மாற்றப்பட்டிருக்கிறது. கடன் தரும் வங்கி தன் மதிப்பீட்டை முடித்துவிட்டது. வாங்கும் முன் வீட்டின் நிலையை நிபுணர் ஒருவர் பார்த்து எழுதித் தரும் சர்வே மூன்று நிலைகளில் உண்டு; கடன் தரகர் அதில் நடுவிலுள்ள இரண்டாம் நிலை போதும் என்கிறார். கட்டட வேலை தெரிந்த உறவினர் ஒருவர் தாமே வந்து பார்த்துச் சொல்வதாகவும், சர்வேக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்றும் சொல்கிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் நிலை சர்வே எடுங்கள் என்பதே என் பதில். வீடு பழையது என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. கட்டி முடித்த பிறகு அந்த வீட்டில் பல கைகள் வேலை செய்திருக்கின்றன என்பதுதான் பெரிய காரணம். எந்த சர்வே என்பதை வீட்டின் விலையையோ கடன் தொகையையோ வைத்து முடிவு செய்வதில் பொருளில்லை. அந்தக் கட்டடத்தின் வரலாற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வங்கியின் மதிப்பீட்டைப் பற்றி. அது உங்களுக்காகச் செய்யப்படுவதில்லை. நீங்கள் தவணை கட்டத் தவறி வீட்டை விற்க நேர்ந்தால் கொடுத்த கடன் திரும்பி வருமா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மதிப்பீட்டாளர் வீட்டுக்குள் சிறிது நேரம் மட்டும் நின்று போகலாம். பல வேளைகளில் யாரும் வருவதே இல்லை, அக்கம்பக்கத்து விற்பனை விலைகளை வைத்துக் கணினியே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறது. அதற்கான கட்டணத்தை நீங்கள் செலுத்தியிருந்தாலும், அந்த அறிக்கையின் முழு வடிவம் உங்கள் கைக்கு வராமலே போகலாம். “வங்கியே பார்த்துவிட்டது, இனி என்ன?” என்று நம்மவர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும், ஏனென்றால் இங்கிலாந்துச் சட்டத்தின் அடிப்படை, வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. விற்பவர் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொல்லக்கூடாது. ஆனால் சுவருக்குள் இருக்கும் குறையைத் தாமாக முன்வந்து சொல்ல வேண்டிய கடமை பொதுவாக அவருக்கு இல்லை. (ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2008 டிசம்பர் முதல் அங்கே வீட்டை விற்பவரே சர்வே அடங்கிய ஹோம் ரிப்போர்ட்டைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.)

சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சார்ட்டர்ட் சர்வேயர்ஸ், சுருக்கமாக ஆர்.ஐ.சி.எஸ்., 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய தரக்கோட்பாட்டின்படி வீட்டு சர்வே மூன்று நிலைகளில் அமைகிறது. முதல் நிலை, வீட்டின் ஒவ்வொரு பகுதியும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிப்பிட்டுவிட்டு நின்றுவிடும். பழுதை எப்படிச் சரிசெய்வது என்ற ஆலோசனை அதில் இருக்காது. இரண்டாம் நிலை, முன்பு ஹோம்பையர் ரிப்போர்ட் என்று அழைக்கப்பட்டதன் தொடர்ச்சி. வழக்கமான முறையில் கட்டப்பட்டு ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தும். விரும்பினால் சந்தை மதிப்பையும் சேர்த்துக் கேட்கலாம். மூன்றாம் நிலை, பழைய பில்டிங் சர்வேயின் தொடர்ச்சி. இதில் சர்வேயர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்தக் குறை எதனால் வந்தது, எப்படிப் பழுதுபார்ப்பது, பார்க்காமல் விட்டால் என்ன ஆகும், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் என்னென்ன இருக்கக்கூடும் என்றெல்லாம் விளக்கி எழுதுவார். கட்டணம் வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்து மாறும். பொதுவாக இரண்டாம் நிலைக்குச் சில நூறு பவுண்டுகள் ஆகும். மூன்றாம் நிலைக்கு அதைவிடக் கூடும், லண்டனில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை, நீங்கள் கட்டப்போகும் முத்திரைத் தீர்வைக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். 1930-களின் லண்டன் புறநகர் வீடுகளுக்கென்று சில தனித்தன்மைகள் உண்டு. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த சர்வேயர் நேராக அந்த இடங்களுக்குத்தான் போவார்.

அடித்தளத்திலிருந்து தொடங்கலாம். ஹாரோவின் பெரும்பகுதி லண்டன் களிமண்ணின் மேல் இருக்கிறது. இந்தக் களிமண் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும், வறண்ட கோடையில் சுருங்கும்; அருகில் பெரிய மரம் இருந்தால் அதன் வேர்கள் ஈரத்தை இழுத்து அந்தச் சுருக்கத்தை இன்னும் கூட்டும். அந்தக் காலத்து வீடுகளின் அடித்தளம் இன்றைய அளவுகோலின்படி ஆழம் குறைந்தது. 1976-ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பிறகுதான் வீடு அமிழ்வது பற்றிய அச்சம் இங்கே பொதுமக்களிடையே பரவியது. 2018, 2022 கோடைகளுக்குப் பிறகும் இதற்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் வெகுவாகக் கூடின. இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக இல்லை. விரிசல் இல்லாத பழைய வீடு அரிது, அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எந்த விரிசல் பழையது, எது இன்னும் வளர்கிறது, கதவு நிலைகள் ஏன் சாய்ந்திருக்கின்றன, நீட்டிக் கட்டிய சமையலறை பழைய சுவரோடு சேரும் இடத்தில் ஏன் பிளந்திருக்கிறது என்பதை இணைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்குத்தான் பயிற்சி பெற்ற ஒருவர் தேவைப்படுகிறார். புதிய பகுதிக்கு ஆழமான அடித்தளமும் பழைய வீட்டுக்கு ஆழமற்ற அடித்தளமும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் அசையும் என்பதால், அந்த இணைப்பை அவர் கட்டாயம் கவனிப்பார்.

அடுத்தது தரை. அக்காலத்து வீடுகளில் கீழ்த்தளம் பல இடங்களில் மரப்பலகைத் தரையாக இருக்கும். பலகைக்குக் கீழே காலி இடம், அதற்குள் காற்றுப் போக முன்சுவரிலும் பின்சுவரிலும் துளையுள்ள கற்கள். பின்பக்கம் காங்கிரீட் தரை போட்டுச் சமையலறையை நீட்டும்போது, பின்சுவரின் காற்றுத் துளைகளை மாற்று வழி வைக்காமல் அடைத்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. காற்று நின்றால் ஈரம் தேங்கும். ஈரம் தேங்கினால் உத்தரக் கட்டைகள் உளுத்துப்போகும். மேலே அழகான லேமினேட் தரை விரித்திருக்கும் வீட்டில் இது பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருக்கலாம். சர்வேயர் தரையைப் பெயர்த்துப் பார்க்க மாட்டார், ஏனென்றால் அது இன்னொருவருடைய வீடு; ஆனால் வெளிச்சுவரில் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதைக் கண்டு, உள்ளே என்ன நடந்திருக்கக்கூடும் என்று எழுதுவார். வெளியே தெரியும் தடயத்திலிருந்து உள்ளே இருக்கும் இடரைச் சொல்லும் இந்த வேலை மூன்றாம் நிலையில் விரிவாகவும், இரண்டாம் நிலையில் சுருக்கமாகவும் நடக்கும்.

புகைபோக்கியைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கணப்பு அடுப்பைச் சுற்றித் துருத்தி நிற்கும் செங்கல் கட்டைக் கீழ்த்தளத்தில் மட்டும் இடித்துவிட்டு, மேல்தளத்திலும் கூரைக்குள்ளும் உள்ள மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவது இந்த வகை வீடுகளில் அடிக்கடி காணப்படுவது. மிச்சமிருக்கும் பல நூறு கிலோ செங்கல்லை எது தாங்குகிறது என்பதே கேள்வி. அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1989-இல் தீர்ப்பளித்த ஸ்மித் எதிர் எரிக் எஸ். புஷ் வழக்கின் கதையே இதுதான்: புகைபோக்கிக் கட்டு கீழே இடிக்கப்பட்டிருந்ததை மதிப்பீட்டாளர் பார்த்தார், மேலே எஞ்சியிருப்பதற்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வாங்கிய சில காலத்தில் அந்தச் செங்கற்கள் கூரைக்குள்ளிருந்து சரிந்து விழுந்தன. மதிப்பீடு கடன் தந்த நிறுவனத்துக்காகவே செய்யப்பட்டிருந்தும், அந்த எளிய வீட்டை வாங்கிய ஸ்மித் என்ற பெண்ணுக்கும் மதிப்பீட்டாளர் பொறுப்பாளிதான் என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். இதைக் கேட்டு, வங்கி மதிப்பீட்டை நம்பலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மதிப்பீட்டாளரின் கடமை ஒரு மதிப்பீட்டுக்கு வேண்டிய அளவுப் பார்வையோடு முடிந்துவிடுகிறது. யாரும் நேரில் வராத இன்றைய கணினி மதிப்பீட்டில் அதுவும் கிடைக்காது. உங்கள் வீட்டில் லாஃப்ட் ஏற்கெனவே அறையாக்கப்பட்டுச் சுவர்கள் மூடப்பட்டிருப்பதால், மேலே ஏறிப் பார்த்தாலும் தாங்கல் கண்ணில் படாமல் போகலாம். அப்போது ஆவணம்தான் சாட்சி.

இங்கே, வாங்குபவருக்காகச் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரின் வேலையும் சர்வேயரின் வேலையும் சந்திக்கின்றன. லாஃப்டை அறையாக்கியதற்கும், பாரம் தாங்கும் சுவர் எதையாவது அகற்றியிருந்தால் அதற்கும் உள்ளாட்சி மன்றத்தின் கட்டட விதிமுறை நிறைவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். திட்ட அனுமதி வேறு, இது வேறு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கிறது என்று பொருளில்லை. சான்றிதழ் இல்லையென்றால், விற்பவர் தரப்பு ஒரு சிறு தொகைக்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துத் தருவதாகச் சொல்லும். சொலிசிட்டர்களும் அதை ஏற்கச் சொல்வது வழக்கம். அந்தக் காப்பீடு, மன்றம் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்பை ஈடுகட்டும். தளம் தாழ்ந்தாலோ, உத்தரம் வளைந்தாலோ, தீப்பிடித்தபோது மாடியிலிருந்து இறங்க வழியில்லாமல் போனாலோ அது உதவாது. சான்றிதழ் இல்லாத லாஃப்ட் அறையில் பிள்ளைகளைத் தூங்கவைக்கலாமா என்ற கேள்விக்குக் காப்பீட்டுத் தாள் பதில் சொல்லாது. சர்வேயரும், தேவைப்பட்டால் கட்டமைப்புப் பொறியாளரும்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால், சொலிசிட்டரைக் கேட்காமல் நீங்களாக மன்றத்தைத் தொடர்புகொள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் காப்பீடு கிடைக்காமல் போய்விடும்.

சமையலறை நீட்டிப்புக்குக் கீழே கழிவுநீர்க் குழாய் ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள். 2011 அக்டோபர் முதல், பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் குழாய்கள் பெரும்பாலும் நீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறிவிட்டன. அவற்றின் மேல் கட்டுவதற்கு அந்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். இன்னும் சில இடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: கூரையில் பழைய ஓட்டுக்குப் பதிலாகக் கனமான காங்கிரீட் ஓடு போட்டிருக்கிறதா, முன்பக்க வளைவு ஜன்னலை மாற்றியபோது மேலே உள்ள பாரத்துக்குத் தாங்கல் வைத்தார்களா, அறைகளின் உட்கூரைப் பூச்சிலோ கராஜ் கூரையிலோ அஸ்பெஸ்டாஸ் இருக்கலாமா, லாஃப்டின் எஞ்சிய பகுதியில் வெப்பம் வெளியேறாமலிருக்க ஸ்ப்ரே நுரை அடித்திருக்கிறார்களா. கடைசியாகச் சொன்னது இருந்தால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே தயக்கம் எழும்.

ஈரம் பற்றித் தனியாக ஒரு சொல். சர்வே அறிக்கைகளில் மிகுதியாக வருவதும், மக்கள் மிகுதியாக ஏமாறுவதும் இதில்தான். சர்வேயரின் ஈரமானி உயர்ந்த எண்ணைக் காட்டினால், “ஈரத்தடுப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள்” என்று ஒரு வரி அறிக்கையில் இருக்கும். உடனே எஸ்டேட் ஏஜென்ட் இலவசமாகப் பார்க்கும் ஒரு கம்பெனியைக் காட்டுவார். அந்தக் கம்பெனி சுவரில் துளையிட்டு மருந்து செலுத்துவதை விற்கும் கம்பெனி என்பதால், அதன் ஆலோசனையும் அந்தத் திசையிலேயே இருக்கும். உண்மையில் பல வீடுகளில் காரணம் எளியது: முற்றத்தில் கல் பாவியபோது வெளித்தரை ஈரத்தடுப்பு அடுக்குக்கு மேலே உயர்ந்திருக்கும், கூரை நீர்க்கால் அடைத்திருக்கும், அல்லது சமையல் ஆவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிந்திருக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கே கட்டணம் வாங்கும், எதையும் விற்காத ஒருவரைத் தேடுங்கள். நல்ல மூன்றாம் நிலை சர்வேயர் பல வேளைகளில் இந்தக் காரணத்தைத் தாமே சொல்லிவிடுவார்.

புதிதாகப் பூசி மினுக்கிய வீட்டைக் கண்டு இரண்டாம் நிலைக்கு இறங்குவதும் இடர்தான். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹார்ட் எதிர் லார்ஜ் வழக்கில், பெருமளவு திருத்திக் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்கு ஹோம்பையர் ரிப்போர்ட்தான் எடுக்கப்பட்டிருந்தது. ஈரத்தடுப்பு வேலைகள் முறையாகச் செய்யப்படாததால் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சர்வேயர் பல லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டார். வாங்கியவர்களுக்கு நீதி கிடைத்தது உண்மைதான், ஆனால் 2011-இல் வாங்கிய வீட்டுக்காக 2021 வரை வழக்காட வேண்டியிருந்தது.

உங்கள் உறவினரைப் பற்றி. அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். அனுபவமுள்ள கட்டடத் தொழிலாளியின் கண் பல விஷயங்களைப் பிடிக்கும், அவரை இரண்டாவது முறை வீடு பார்க்கப் போகும்போது அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவர் எழுத்தில் அறிக்கை தரப்போவதில்லை, அவருக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் இல்லை. அவர் சொன்னது தவறிப்போனால், இழப்பை ஈடுசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள், உறவும் கசந்துபோகும். சர்வேயரின் அறிக்கை கையில் இருந்தால்தான் விலையைக் குறைக்கச் சொல்லியும் கேட்க முடியும்.

எந்த நிலை என்பதற்கு ஈடான முக்கியத்துவம், எந்த சர்வேயர் என்பதற்கும் உண்டு. இங்கே எவரும் தம்மைச் சர்வேயர் என்று அழைத்துக்கொள்ளலாம். சார்ட்டர்ட் சர்வேயர் என்பதற்குத்தான் ஆர்.ஐ.சி.எஸ். உறுப்புரிமை வேண்டும். வங்கியோ ஏஜென்ட்டோ கைகாட்டும் ஒருவரை அப்படியே ஏற்காமல், அந்தப் பகுதியில் அதே காலத்து வீடுகளை வழக்கமாகப் பார்ப்பவரை நீங்களே தேடி நேரடியாகப் பேசுங்கள். வீட்டுக்கு வரப்போவது அவர்தானா, எத்தனை மணி நேரம் செலவிடுவார், மாதிரி அறிக்கை ஒன்றைக் காட்டுவாரா, அறிக்கை கொடுத்த பிறகு தொலைபேசியில் விளக்குவாரா என்று கேளுங்கள். உங்கள் திட்டங்களையும் அவரிடம் சொல்லுங்கள். பெற்றோரை அழைத்துவந்து கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் அமைக்கப் போகிறீர்களா, இன்னொரு சுவரை இடிக்க எண்ணுகிறீர்களா என்பது தெரிந்தால், அதை மனத்தில் வைத்துப் பார்ப்பார். எந்த சர்வேயானாலும் மின்கம்பிகளையும் எரிவாயு இணைப்பையும் கழிவுநீர்க் குழாய்களையும் சோதிப்பதில்லை. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மின் இணைப்புச் சோதனையையும், குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையையும் தனியாகச் செய்துகொள்வது நல்லது.

எல்லோருக்கும் மூன்றாம் நிலை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 1990-களில் கட்டிய, யாரும் கைவைக்காத ஒரு சாதாரண வீட்டுக்கோ, நல்ல நிலையிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ இரண்டாம் நிலை போதும். உயரமான குடியிருப்பென்றால் வெளிச்சுவர்த் தகடுகளின் தீப்பாதுகாப்பு பற்றிய இ.டபிள்யூ.எஸ்.1 படிவமும் பராமரிப்புக் கணக்குகளும்தான் அங்கே பெரிய கேள்விகள். புத்தம் புதிய வீட்டுக்கு, முடிக்காமல் விட்ட குறைகளைப் பட்டியலிடும் ஸ்னாகிங் சோதனையே பொருத்தம். விக்டோரியா காலத்து வீடு, பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடம், போருக்குப் பிறகு முன்வார்ப்புக் காங்கிரீட்டில் எழுப்பிய வீடு ஆகியவற்றுக்கு மூன்றாம் நிலைக்குக் குறைந்து போகவே கூடாது.

அறிக்கை வந்ததும், உடனே கவனிக்க வேண்டியதைச் சுட்ட ஒரு பகுதிக்குச் சிவப்பில் குறிக்கப்படும் 3 என்ற எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். மின் இணைப்புக்குச் சோதனைச் சான்று இல்லை என்பதற்காகவே சிவப்பு விழுவதுண்டு; அதே சமயம், மஞ்சளில் குறிக்கப்பட்ட ஒரு கூரைக்குச் சில ஆண்டுகளில் பெருந்தொகை செலவாகலாம். எனவே நிறங்களை எண்ணுவதை விட்டு, சர்வேயரை அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: குடிபோகும் முன் செய்தே தீர வேண்டியது எது, ஐந்து ஆண்டுகளுக்குள் வரும் செலவு எது, உங்கள் மகளோ மகனோ இந்த வீட்டை வாங்கினால் எதைக் கண்டு தயங்குவீர்கள். எழுத்தில் அடக்கமாக இருப்பவர்கள் பேச்சில் தெளிவாகச் சொல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் மேலும் ஆராயச் சொன்னவற்றை, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதுவரை நீங்கள் கொடுத்த விலை வாக்கு எந்த விதத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தாது. பரிமாறிய பிறகு விலகினால் முன்பணத்தை இழக்க நேரும். பழுதுகளுக்குத் தொழிலாளர்களிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி, அந்தத் தாளோடு ஏஜென்ட்டிடம் பேசுங்கள்; வெறுமனே “சர்வே சரியில்லை” என்றால் யாரும் விலையைக் குறைக்க மாட்டார்கள். லாஃப்டின் உத்தரங்களையோ புகைபோக்கித் தாங்கலையோ பொறியாளர் பார்ப்பதற்கு ஒரு பலகையைக் கழற்ற வேண்டியிருந்தால் விற்பவரின் அனுமதியைக் கேளுங்கள், மறுபடி சரிசெய்து தரும் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் அவர் சம்மதிக்காமல், சான்றிதழும் காட்டாவிட்டால், கொடுத்த சர்வே கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன்.